சிலந்தி இழையும் அந்தி வெளிச்சமும்

ஒரு வட்டம், அதன் நடுவே கூட்டல் குறி போல இரண்டு கோடுகள். ரைஃபிள் ஸ்கோப் என்றதும் சினிமா பார்க்கும் யாருக்கும் மனத்தில் எழும் படம் இதுதான். என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து .22 ரைஃபிள் சுட்டவர்களும் நம்மில் ஏராளம். ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாயும் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குட்டித் தோட்டாவும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நூற்றாண்டில் பிறந்தவை. இரண்டையும் சேர்த்துவைத்ததில் முயலுக்குப் பெரிய பங்கு உண்டு. பகலின் பெரும்பகுதியை மறைவில் பதுங்கிக் கழித்துவிட்டு, விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் பயிரை மேய வருகிற பிராணி அது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அதற்காகக் காத்திருக்கும் விவசாயிக்கு ஒரே கேள்விதான்: கருக்கலில், ஐம்பது மீட்டர் தொலைவில், புல்லையும் முயலையும் பிரித்துப் பார்க்க எவ்வளவு பணம் செலவழிக்க வேண்டும்? அதிகம் வேண்டாம் என்பது இன்றைய பதில். அந்தப் பதிலை எட்ட ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் ஆயின.

1609இல் கலிலியோ வானத்தை நோக்கித் திருப்பிய தொலைநோக்கியால் குறி பார்க்க முடியாது. கண்ணருகே அவர் வைத்தது குழிலென்ஸ். அந்தக் குழாய்க்குள் எங்குமே பிம்பம் விழாது. இரண்டு குவிலென்ஸ்களை வைத்தால் குழாய்க்குள்ளேயே ஓரிடத்தில் பிம்பம் விழும் என்று 1611இல் கெப்ளர் எழுதினார். அந்த இடத்தில் எதை வைத்தாலும், தொலைவிலுள்ள பொருளின் மேலேயே அதை ஒட்டிவைத்தது போலத் தெளிவாகத் தெரியும். இதை நடைமுறையில் செய்துகாட்டிய பெருமை ஒரு சிலந்திக்கு உரியது.

யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகரை அடுத்த மிடில்டனில் வில்லியம் கேஸ்காயின் என்ற இளைஞர் இருந்தார். வானியலில் தீராத ஆசை கொண்டவர். 1630களின் இறுதியில் ஒரு நாள், அவர் திறந்துவைத்திருந்த தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று இழை ஓட்டிவிட்டது. சரியாகப் பிம்பம் விழும் இடத்தில் ஓட்டியது என்பதுதான் அதிசயம். ஒரு விரற்கடை முன்னோ பின்னோ ஓட்டியிருந்தால் அவர் துடைத்துப் போட்டிருப்பார். கேஸ்காயினுக்குப் பொறி தட்டியது. பிம்பம் விழும் அதே இடத்தில் தாமே குறிகளைப் பொருத்தி, கோள்களின் விட்டத்தையும் விண்மீன்களின் இடைவெளியையும் அளக்கத் தொடங்கினார்.

அவர் கணித அறிஞர் வில்லியம் ஆட்ரெடுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் இந்தச் சிலந்திக் கதையோடு இன்னொரு செய்தியும் இருக்கிறது. நிலவில்லாத இருட்டில் இழை கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்போது லாந்தருக்குள் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, கண்ணாடிக்குள் கொஞ்சம் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொள்வாராம். குறுக்கிழை பிறந்த கையோடு அதன் பெருங்குறையும் பிறந்துவிட்டது. இருட்டிய பிறகு குறிவைக்கும் பொருள் தெரிந்தாலும் குறி தெரியாது. இன்று பொத்தானை அழுத்தினால் சிவப்பாக ஒளிரும் குறுக்கிழை கொண்ட ஸ்கோப்புகளை விற்கிறார்கள். அவற்றுக்கு முன்னோடி அந்த மெழுகுவத்தி.

1644 ஜூலை 2 அன்று, யார்க் நகருக்கு மேற்கே மார்ஸ்டன் மூர் என்ற வெளியில் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பில் நின்று கேஸ்காயின் மாண்டார். கண்டுபிடிப்பும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்க வேண்டியது. இருபது ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் அட்ரியன் ஓசூவும் ழான் பிக்கார்டும் இதே உத்தியைத் தாங்களாகவே கண்டு அறிவித்தார்கள். உடனே லங்காஷயரிலிருந்து ரிச்சர்ட் டவுன்லி என்பவர், எங்கள் நாட்டுக்காரர் இதை எப்போதோ செய்துவிட்டார் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். கேஸ்காயினின் கருவி அவர் கையில் இருந்தது. யார் முந்தியவர் என்ற அந்தச் சச்சரவு இல்லாவிட்டால் சிலந்தியைப் பற்றி நமக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறுக்கிழை வானியலாளர்களிடமும் நில அளவையாளர்களிடமும்தான் இருந்தது. அப்படிக் குறுக்கிழை கொண்ட கருவி ஒன்று நம் ஊருக்கும் வந்தது. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்திய நில அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன். அவருக்காக லண்டனில் செய்த, குறுக்கிழைத் தொலைநோக்கியால் கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் அரை டன் எடை. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியில் இருந்தது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டித் தட்டி நேராக்கினார். அளவையாளர்களின் இந்த உலகம் துப்பாக்கிக் கதைக்குள் பின்னால் மறுபடி நுழையும்.

ரைஃபிள் மேல் தொலைநோக்கியை வைத்துப் பார்க்கும் ஆசை அதற்கு முன்பே எழுந்திருந்தது. 1776 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவில் ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீல், வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸின் துணையோடு முயன்றார். சுட்டதும் துப்பாக்கி பின்னுதைக்க, குழாய் கண்ணருகே வந்து இடித்தது. 1840களில் ஜான் சாப்மன் என்ற பொறியாளர் வடிவமைக்க, நியூயார்க் மாநிலத்து யூட்டிகா நகரில் மார்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்மியர் செய்த ஸ்கோப்புகள் பேர் பெற்றன. 1855இல் சிரக்யூஸ் நகரின் வில்லியம் மால்கம் நிறப்பிழை நீக்கிய லென்ஸ்களோடு கடை திறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இவை பயன்பட்டன. துப்பாக்கிக் குழல் அளவுக்கே நீண்ட ஒல்லிக் குழாய்கள் அவை. நல்ல வெயிலில் சரி; மாலை ஐந்து மணிக்கு மேல் உள்ளே பார்த்தால் மங்கல்தான்.

இனி தோட்டாவின் கதைக்கு வருவோம். அது ஒரு விருந்தினர் அறையில் தொடங்குகிறது. 1845இல் பாரிஸில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர், தட்டினால் பொறி கிளப்பும் மருந்துக் கேப்பின் வாயில் ஒரு சிறு குண்டைச் செருகினார். தனியாக வெடிமருந்தே கிடையாது. கேப்பின் பொறி மட்டும் குண்டைத் தள்ளிவிடும். பணக்காரர்கள் வீட்டுக் கூடத்திலேயே இலக்கு வைத்துச் சுட்டு விளையாட அது போதுமாக இருந்தது. அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தார் அதையே நீட்டி, கொஞ்சம் வெடிமருந்து சேர்த்து, 1857இல் .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே வெடிக்கும் கலவை இருக்கிறது. விளிம்பை ஊசி தட்டினால் வெடிக்கும். ரிம்ஃபயர் என்பது இதைத்தான். 1887இல் மாசசூசெட்ஸின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் இதை இன்னும் நீட்டி .22 லாங் ரைஃபிள் என்று பெயரிட்டது. இன்றும் உலகம் சுடுவது பெரும்பாலும் அதையே. இரண்டரை கிராம் சொச்சம் ஈயம், மெல்லிய சத்தம், தோளுக்குத் தெரியாத உதை, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறைந்த விலை.

அந்த மலிவுத் தோட்டாவுக்கு வேலை காத்திருந்தது. 1859 கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஒரு கப்பலில் காட்டு முயல்கள் வந்து இறங்கின. விக்டோரியாவின் பண்ணையார் தாமஸ் ஆஸ்டின் வேட்டைப் பொழுதுபோக்குக்காக வரவழைத்தவை. இரண்டு டஜன் முயல்கள் சில பத்தாண்டுகளில் ஆஸ்திரேலியக் கண்டத்தின் பெரும்பகுதியை மேய்ந்து மொட்டையடித்தன. ஒரு முயலுக்கு ஒரு பெரிய தோட்டாவைச் செலவழிக்க எந்தப் பண்ணைக்காரரும் தயாராக இல்லை. கண்டங்கள் தோறும் .22 ரைஃபிள் வீட்டுச் சாமானாக மாறியதற்கு இப்படிப்பட்ட பயிர் எதிரிகளும் காரணம்.

மங்கல் வெளிச்சத்தை உண்மையாகவே ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்டு யோசித்தவர்கள் மத்திய ஐரோப்பியர்கள். ஆஸ்திரியாவின் ஸ்ட்ரான்ஸ்டோர்ஃபில் வன அதிகாரியாக இருந்த ஆகஸ்ட் ஃபீட்லர் 1880 வாக்கில், வேட்டைக்காரர் நடைமுறையில் பயன்படுத்தக்கூடிய குட்டையான ஸ்கோப் ஒன்றை உருவாக்கினார். வியன்னாவில் 1898இல் கார்ல் ராபர்ட் காலஸ் தொடங்கிய பட்டறை 1900இல் டெலோரார் என்ற ஸ்கோப்பை விற்றது. அங்கே காட்டுப்பன்றி வேட்டை என்றால் மரத்தாலான பரண் மேல் ஏறி, இருட்டும் வரை, சில சமயம் நிலவு எழும் வரை உட்கார்ந்திருப்பது. ஆகவே மெல்லிய இழை அவர்களுக்கு ஆகவில்லை. மூன்று பக்கம் தடித்த பட்டையும் நடுவில் மட்டும் மெல்லிய கோடும் வைத்த குறியை ஜெர்மானியர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நடுக் கோடு இருட்டில் மறைந்தாலும் பட்டைகளின் முனைகள் எங்கே சேர வேண்டும் என்பதைக் கண்ணே ஊகித்துக்கொள்ளும். இவ்வளவு எளிய தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இதற்குப் பேட்டரி தேவையில்லை.

இழையின் குறை இப்படித் தீர்ந்தது. கண்ணாடியின் குறை வேறு. கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஸ்கோப்பில் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வந்தே சேராது. நண்பகலில் இது யாருக்கும் உறைக்காது. அந்தியில் மூன்றில் ஒரு பங்கு என்பது முயல் தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதற்கு முதல் துப்பு கிடைத்தது யார்க் நகரில், கேஸ்காயின் விழுந்த போர்க்களத்திலிருந்து சில மைல் தூரத்தில். 1890களில் குக் அண்ட் சன்ஸ் தொலைநோக்கிப் பட்டறையில் லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தவர் டென்னிஸ் டெய்லர். பழசாகிக் களிம்பேறியது போல் நிறம் மாறிய லென்ஸ்கள், பளபளக்கும் புது லென்ஸ்களைவிட அதிக ஒளியை உள்ளே விடுவதை அவர் கவனித்தார். வாடிக்கையாளர்கள் வெறுத்த அந்தக் கறை உண்மையில் ஒளிக்கு வழிவிடும் மெல்லிய படலம். அமிலம் கொண்டு செயற்கையாகக் களிம்பேற்றிப் பார்த்து 1904இல் காப்புரிமையும் கேட்டார். ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி களிம்பேறுவதில்லை, முறை நிலைக்கவில்லை.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. இன்றைய உக்ரைன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து ஜெர்மனியின் ஜெனா நகரில் ஸைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மகுலா, 1935இல் வெற்றிடத்தில் ஃப்ளோரைடு உப்பை ஆவியாக்கி லென்ஸ் மேல் படியவைத்தார். ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் கொண்ட படலம் அது. அதன் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துவிட, இழப்பு பெரிதும் குறைந்தது. ஜெர்மானிய அரசு உடனே அதை ராணுவ ரகசியமாக்கியது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவில் ஜான் ஸ்ட்ராங் அதையே தனியாகச் செய்து முடித்தார். போர் முடிந்ததும் ஸ்மகுலாவும் அமெரிக்காவுக்குப் போய்ப் பின்னர் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அது இந்தப் படலம்தான். இப்போது மலிவு ஸ்கோப்பிலும் பல அடுக்குகளாகப் பூசுகிறார்கள்.

மலிவு ஸ்கோப் இந்தக் கதைக்குள் நுழைந்தது 1930இல். அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டு, கென்டக்கியின் நியூபோர்ட் நகரில் வில்லியம் வீவர் என்ற இளைஞர் 3-30 என்ற ஸ்கோப்பைச் செய்தார். மூன்று மடங்கு பெரிதாக்கும். பிறந்தது முப்பதாம் ஆண்டு. பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். பொருத்தும் பிடியோடு சேர்த்து விலை 19 டாலர். அதுவரை ஸ்கோப் என்றால் பெரும்பாலானவர்களுக்கு எட்டாத ஆடம்பரம். வீவர் முக்கால் அங்குல எஃகுக் குழாயில், தேவையற்ற எல்லாவற்றையும் களைந்துவிட்டுச் செய்ததால் பண்ணைக்காரரும் கூலிக்காரரும் வாங்க முடிந்தது. 1933இல் டெக்சாஸின் எல் பாசோவுக்குத் தொழிலை மாற்றி, .22 ரைஃபிளுக்கென்றே தனி ஸ்கோப்புகளையும் செய்தார். ரிம்ஃபயர் துப்பாக்கி உதைக்காது, ஆகவே குழாயும் பிடியும் அசுர பலத்தோடு இருக்க வேண்டியதில்லை. அந்த மிச்சத்தை விலையில் குறைக்கலாம். மலிவு ஸ்கோப்பும் .22-உம் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியதற்கு இதுதான் காரணம். இந்தக் கதையில் வரும் அத்தனை பேரிலும் சாமானியரின் நன்றிக்கு அதிகம் உரியவர் வீவர் என்றே நினைக்கிறேன்.

அளவையாளர்கள் மறுபடி வருவது இங்கேதான். ஆரெகனின் போர்ட்லண்டில் 1907இல் தொடங்கிய லியுபோல்ட் நிறுவனம் நில அளவைக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்தது. அந்தக் குடும்பத்தின் மார்கஸ் லியுபோல்ட் ஒரு மான் வேட்டையில் ஸ்கோப்புக்குள் பனி படர்ந்து குறி தவறினார். இதைவிட நன்றாக நானே செய்வேன் என்று கிளம்பினார். சூடான அறையிலிருந்து குளிர்ந்த அந்திக்குள் போனால், குழாய்க்குள் உள்ள காற்றின் ஈரம் லென்ஸில் படியும். காற்றை வெளியேற்றி நைட்ரஜனை அடைத்துவிட்டால் ஈரமே இருக்காது. 1940களின் இறுதியில் வந்த அந்த ஏற்பாடு இன்று சாதாரண ஸ்கோப்பிலும் உண்டு. 1962இல் அவர்கள் வெளியிட்ட டூப்ளெக்ஸ் என்ற குறி, ஓரத்தில் தடிப்பும் நடுவில் மென்மையும் கொண்ட நான்கு கோடுகள். ஜெர்மானியப் பட்டைகளின் அதே யோசனை. அதைப் பின்பற்றாத கம்பெனி இப்போது அபூர்வம்.

விலையை மேலும் இறக்கியவர்கள் ஜப்பானியர்கள். 1917இல் தொடங்கிய நிப்பான் கோகாகு நிறுவனம் 1921இல் ஜெர்மனியிலிருந்து எட்டு ஒளியியல் பொறியாளர்களை வரவழைத்து வித்தையைக் கற்றது. பின்னாளில் அது நிக்கான் என்று பெயர் பெற்றது. 1945க்குப் பிறகு ராணுவத் தொலைநோக்கி செய்த கைகளுக்கு வேறு பிழைப்பு தேவைப்பட்டது. அமெரிக்க வியாபாரிகளுக்கு மலிவான கண்ணாடி தேவைப்பட்டது. 1948இல் டேவிட் புஷ்னெல் ஜப்பானிய பைனாகுலர்களை இறக்குமதி செய்யத் தொடங்கினார். 1954இல் மயாமியில் ஜார்ஜ் ரோசன்ஃபீல்டின் டாஸ்கோ வந்தது. நாகானோ மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் செய்த பொருள் பல அமெரிக்கப் பெயர்களோடு கடைக்குப் போனது. பிறகு கொரியா, ஃபிலிப்பைன்ஸ், சீனா. போருக்கு நடுவே 1939இல் பைனாகுலர் செய்யத் தொடங்கிய யுன்னானின் குன்மிங் நகரம், இன்று உலகின் ஸ்கோப் சந்தைக்குக் கண்ணாடி கொடுக்கும் ஊர்களில் ஒன்று.

இத்தனை கைமாறி வந்த பொருளைக் கடையில் எடுத்துப் பார்ப்பவர் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையே. அந்திக்கு அது தவறான கேள்வி. முகப்பு லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 4×32, அதாவது 4 மடங்கும் 32 மில்லிமீட்டர் லென்ஸும் என்றால், 8 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் லென்ஸை 9 மடங்கில் வைத்தால் நாலரைகூட இல்லை. இருட்டில் இளைஞரின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 5 அளவில் நின்றுவிடும். கண்ணால் வாங்க முடியாத ஒளிக்காக வேட்டைக்கார ஜெர்மானியரின் கனத்த 8×56 ஸ்கோப்பை .22 மேல் ஏற்றுவது, வயதானவருக்கு வீண் செலவு. மடங்கு மாற்றும் 3-9×40 ஸ்கோப்பாக இருந்தால், பொழுது இறங்க இறங்க மடங்கையும் ஆறு, ஐந்து என்று இறக்கிக்கொண்டே வரலாம்.

மங்கலில் நம் கண் நீலத்துக்கும் பச்சைக்கும் விழித்துக்கொண்டு சிவப்புக்குக் குருடாகிவிடும் என்பதைப் பொஹீமியாவின் யான் பர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதினார். ஒளிரும் குறியைச் சிவப்பில் வைப்பது இதனால்தான். இருட்டுக்குப் பழகிய பார்வையை அது கலைப்பதில்லை. ஆனால் மலிவு ஸ்கோப்புகளில் அந்த ஒளியைப் போதிய அளவு தணிக்க முடியாமல் குழாய் முழுதும் சிவப்பு படர்வது உண்டு. அதற்குத் தடித்த கறுப்புப் பட்டைகளே மேல்.

இன்னொன்றை ரிம்ஃபயர்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகளில் பிம்பமும் குறியும் ஒரே தளத்தில் விழுவது 100 கஜத்துக்கோ அதற்கு மேலோ உள்ள பொருளுக்குத்தான். .22 சுடும் 50 கஜத்தில் தலை சற்று நகர்ந்தாலே குறியும் நகர்ந்துவிடும். அந்தியில், கண் ஒளி வட்டத்தின் நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பது எளிதில் தெரியாது. 50 கஜத்துக்குச் சரிசெய்தது என்று பெட்டியில் எழுதியிருக்கும் ரிம்ஃபயர் ஸ்கோப்பே போதும். முகப்பு வளையத்தைத் திருப்பித் தூரம் மாற்றும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். கடைக்காரர் சம்மதித்தால் பொழுது சாயும்போது வாசலுக்குக் கொண்டுவந்து, எதிர்ச்சாரியில் ஒரு மரத்தடி நிழலுக்குள் கிடக்கும் இலை பிரிந்து தெரிகிறதா என்று இரண்டு மூன்று ஸ்கோப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பது நல்லது.